ஆமாவுக்குக் கியர்

எனக்குத் தலைக்கனம் உண்டு. இருபத்திரண்டு வருடம் ஐ.சி.யூ.வில் நின்றே காலம் தள்ளியவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? சேலத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, "ஜெபராணி சிஸ்டர் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். லிஃப்ட் ஓட்டுகிறவரிலிருந்து டீன் வரைக்கும் எல்லோரும் ஒரே திசையில் கை காட்டுவார்கள். இனி மீள வழியில்லை என்றாகிவிட்ட நோயாளியின் வீட்டாரோடு உட்கார்ந்து, உறுப்பு தானம் பற்றிப் பேசுவது என் வேலை. பேசிப் பேசிச் சம்மதம் வாங்கினேன் என்பதல்ல என் கர்வம். என் கர்வமெல்லாம் எங்கள் வரிசைதான்.

தானம் கொடுப்பவரின் கட்டில் ஐ.சி.யூ.விலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போது, அந்த நீண்ட நடைவழியின் இரண்டு பக்கமும் ஆஸ்பத்திரியே வந்து நிற்கும். டீன் நிற்பார். அவருக்குப் பக்கத்தில் கழிவறை கழுவுகிற மாரக்கா நிற்பாள். கேன்டீன் மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியோடு ஓடிவருவார். யாரும் பேசக் கூடாது, போனைத் தொடக் கூடாது, கட்டில் கடக்கும்போது நெஞ்சில் கை வைக்க வேண்டும். இதை எந்த அரசாணையும் கொண்டுவரவில்லை. நான் கொண்டுவந்தேன். முதல் தடவை நானும் மாரக்காவும் மட்டும் நின்றோம்.

பிறகு 'செவி' வந்தது.

மூளைச்சாவு என்றால் அதில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது. மூளை மொத்தமும் நின்றிருக்கும். டாக்டர்கள் குழுவாக இரண்டு முறை சோதித்துக் கையெழுத்துப் போடுவார்கள். அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. சிக்கல் இன்னொரு வகையினரிடம். மூளையில் பலத்த அடி, ஆனால் சாகவில்லை. கண் திறக்காமல், விரல் அசையாமல், வென்டிலேட்டரில் கிடப்பார்கள். இவர்களில் சிலர் உள்ளுக்குள் விழித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆராய்ச்சிகள் சொல்லத் தொடங்கியதும் புதுச் சட்டம் வந்தது. வென்டிலேட்டரை எடுக்கவும் உறுப்புகளைக் கொடுக்கவும் வீட்டார் சம்மதித்தாலும், அந்த நோயாளியை மூன்று நாள், மூன்று தடவை கேட்டுவிடவேண்டும். கேட்கிற கருவிதான் செவி. தலையில் மாட்ட ஒரு தொப்பி, பக்கத்தில் ஒரு திரை. அதை உருவாக்கிய டாக்டர் யாமினி எங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். கேட்கிற குரல் என்னுடையது. ஒன்றரை வருடத்தில் நாற்பத்தொரு பேரைக் கேட்டிருந்தேன். ஆறு பேர் பதில் சொன்னார்கள். முப்பத்தைந்து பேர் சொல்லவில்லை. அவர்கள் எங்கள் வரிசை வழியாகப் போனார்கள்.

நாற்பத்திரண்டாவது ஆள் லோகாமணி.

சங்ககிரிக்காரி, நாற்பத்தொரு வயது, சொந்தமாகப் பத்து சக்கர லாரி ஓட்டுகிறவள். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனது. முன்னால் ஒரு கல்லூரிப் பேருந்து போய்க்கொண்டிருந்தது. லோகாமணி ஸ்டியரிங்கை ஒடித்து லாரியை மலைப்பக்கம் இடித்தாள். பேருந்தில் இருந்த ஐம்பது பிள்ளைகளுக்குப் பின்னால் சத்தம் கேட்டதோடு சரி.

அவள் புருஷன் சென்னியப்பன் ஒல்லியான, கூச்ச சுபாவக்காரர். எட்டு நாள் ஐ.சி.யூ. வாசலிலேயே கிடந்தார். நான் பேச உட்கார்ந்தபோது, வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். லாரியின் பின்பக்கம். பச்சை எழுத்தில் 'உறுப்பு தானம் செய்வோம்' என்று இருந்தது.

"எல்லாரும் ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதுவாங்க. இவ இதைய எழுதிப்போட்டாளுங்க. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அழுதுட்டு உக்காராம கையெழுத்தப் போடோணும்னு சத்தியம் வாங்கியிருக்கறா. பேனா குடுங்க சிஸ்டர்."

அடுத்த படத்தில் லாரியின் முன்பக்கம். கண்ணாடிக்கு மேலே நெற்றிப் பலகையில் சுற்றிலும் பூ வேலை செய்து, நடுவில் மஞ்சள் பட்டை மட்டும் வெறுமையாக இருந்தது.

"இது ஏன்ணே காலியா இருக்கு?"

"புள்ளைங்க பேரு எழுதற எடமுங்க. எங்களுக்குத்தான் இல்லீங்களே. பொறக்கட்டும், எழுதிக்கலாம்னு வுட்டு வெச்சா. பதினஞ்சு வருசம் பெயிண்ட் அடிக்கறப்பவெல்லாம் அந்தப் பட்டைய மட்டும் புதுசா மஞ்சள் அடிப்பா. எழுத மாட்டா."

அவர் அழவில்லை. பெண்டாட்டியின் லாரியைப் பற்றிப் பேசும்போது அந்த ஒல்லி முகத்தில் ஒரு பெருமை ஏறி உட்கார்ந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

முதல் நாள் கேட்டேன். பதில் இல்லை. இரண்டாம் நாள் கேட்டேன். பதில் இல்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கடைசிக் கேள்வி. அதற்குள் எல்லாம் தயாராகிவிட்டது. தியேட்டரில் இரண்டு குழு கை கழுவிக்கொண்டிருந்தது. மேல் மாடியில் அன்வர் பாஷா என்ற பி.டி. வாத்தியார் மார்பில் மருந்து தடவிப் படுத்திருந்தார். லோகாமணியின் இதயம் அவருக்குப் பொருந்தியது. ஏழு மாதமாகக் காத்திருந்தார். அதற்கு மேல் காத்திருக்க அவரிடம் நாள் அதிகம் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நடைவழியில் வரிசை சேரத் தொடங்கியது.

கடைசிக் கேள்விக்கு மட்டும் வீட்டார் ஒருவர் உள்ளே நிற்கலாம். சென்னியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். தொப்பியைப் பார்த்துப் பயந்தார். டாக்டர் யாமினி பொறுமையாகச் சொன்னார்.

"இதுல வலி எதுவும் இல்லை. நாம ஒரு வேலையைச் செய்யறதா மனசுல நினைச்சாலே, அந்தக் கையை ஆட்டற மூளைப் பகுதி கொஞ்சம் வேலை செய்யும். கை அசையணும்னு அவசியமில்லை. இவங்க அப்படி நினைச்சா திரையில இந்தக் கோடு எழும்பும். அஞ்சு தடவை நினைக்கச் சொல்வோம். அஞ்சுல ஒண்ணாவது எழும்பினா, உள்ளே கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம்."

"எழும்பலீன்னா?"

"நீங்க போட்ட கையெழுத்துப்படி நடக்கும்."

நான் படிவத்தை எடுத்துப் படித்தேன். மனப்பாடம்தான், ஆனாலும் படித்துத்தான் கேட்க வேண்டும். "லோகாமணி, என் குரல் கேட்கிறதா? கேட்டால், உங்கள் வீட்டு வாசலில் கோலம் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்."

அரை நிமிடம். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. இரண்டாவது தடவை படித்தேன். மூன்றாவது தடவை படித்தேன்.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று திரும்பினேன். சென்னியப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"கோலமுங்களா? இவளுக்குங்களா?"

"ஏன்ணே?"

"இவ பொறந்ததுல இருந்து ஒரு புள்ளி வெச்சதில்லீங்க சிஸ்டர். எங்கூட்ல கோலம் போடறது நானுங்க. நாலரைக்கு எந்திரிச்சு, வாசத் தெளிச்சு, கோலம் போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சு அனுப்புவனுங்க. இவ வண்டி மேல உக்காந்துட்டு, 'சீக்கிரம் முடிய்யா, லோடு காத்துட்டு இருக்குது'ன்னு வைவா. அது மட்டுந்தான் கோலத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமுங்க."

டாக்டர் யாமினியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன்.

"வெளிநாட்டுல டென்னிஸ் ஆடறதா நினைக்கச் சொன்னாங்க சிஸ்டர்," என்றார் அவர், யாரிடமோ சொல்வதுபோல. "நம்ம ஜனங்களுக்கு அது பொருந்தாதுன்னு நான்தான் சண்டை போட்டு மாத்தினேன். ஆம்பளைங்களுக்குக் கிரிக்கெட், பொம்பளைங்களுக்குக் கோலம். எங்க ஸ்ரீரங்கத்து வீட்டுல மார்கழி பூரா அம்மாவும் நானும்... யாருக்குத் தெரியாம இருக்கும்னு நினைச்சேன். அதுக்கு எனக்கு விருது கொடுத்தாங்க."

அவரை நான் குறை சொல்லப் போவதில்லை. சொல்ல எனக்கு வாய் ஏது? நான் நாசரேத்காரி. எங்கள் வீட்டு வாசலில் கோலம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் தொங்கும், அவ்வளவுதான். என்னைப் படுக்கவைத்து இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் கோடும் எழும்பியிருக்காது. ஒன்றரை வருடம் வாய் நிறையக் கேட்டவளுக்கு அது ஒரு நாளும் உறைக்கவில்லை. பெண் என்றால் கோலம். அவ்வளவு சுலபமாக என் வாயில் வந்தது.

தியேட்டரிலிருந்து போன் அடித்தது. டாக்டர் எடுக்கவில்லை.

"இன்னும் ரெண்டு தடவை பாக்கி இருக்கு டாக்டர்," என்றேன்.

"வாசகத்தை மாத்த நமக்கு அதிகாரம் இல்லை சிஸ்டர். மாத்தினா நாளைக்கு என்னை விசாரிப்பாங்க."

"மாத்தாம விட்டா?"

அவர் லோகாமணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு சென்னியப்பனிடம் திரும்பினார். "அவங்க கை என்ன வேலைக்குப் பழகினது?"

"கியர் போடறதுக்குங்க." யோசிக்கவே இல்லை அவர். "இடது கையி."

படிவத்தின் மேல் பேனாவால் அடித்து எழுதினேன். படித்தேன். "லோகாமணி, என் குரல் கேட்டால், உங்கள் லாரியின் கியரை மாற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்."

அரை நிமிடம். கோடு ஒரு மயிரிழை நடுங்கியதுபோல இருந்தது. டாக்டர் தலையை ஆட்டினார். "போதாது. இதைக் கணக்கில எடுக்க முடியாது."

ஒன்றுதான் பாக்கி. மேல் மாடியில் ஒரு மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். வெளியே எண்பது பேர் நெஞ்சில் வைக்கக் கையைத் தயாராக வைத்திருக்கிறார்கள். என் குரலில் ஏதோ கோளாறு என்று எனக்குத் தோன்றியது. பதினொரு நாளாக அவள் காதில் விழுந்த ஆஸ்பத்திரிக் குரல்களில் அதுவும் ஒன்று. ஊசி போடப்போகிறேன், உடம்பு துடைக்கப்போகிறேன் என்று சொல்கிற குரல்.

படிவத்தை மடித்துச் சென்னியப்பன் கையில் வைத்தேன். "நீங்க சொல்லுங்கண்ணே. காலையில எப்படிச் சொல்லுவீங்களோ அப்படியே."

அவர் படிவத்தைப் பார்க்கவில்லை. கட்டிலின் இடதுபக்கம் போய், தரையில் எதையோ வைத்துவிட்டு நிமிர்கிறவர்போல நிமிர்ந்தார். அந்தக் கூச்சக்காரர் குரலை உயர்த்தி, ஒரு பெரிய எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னார்.

"மணி! எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. எடு!"

கோடு எழும்பியது. நான் பார்த்த ஆறு பேரின் கோட்டையும்விட உயரமாக எழும்பியது. இறங்கியது. மறுபடி எழும்பியது.

"ரெண்டாவது கியரு," என்றார் சென்னியப்பன். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம்? டாக்டர் யாமினியும் அழுதார், ஆனால் அழுதுகொண்டே வேலை பார்த்தார். ஆமாவுக்குக் கியர், இல்லைக்குப் பிரேக் என்று சென்னியப்பன் மூலம் அவளுக்குச் சொல்லிவைத்தோம். கையை நினைத்தால் திரையில் ஒரு பக்கம் எழும்பும், காலை நினைத்தால் நடுவில் எழும்பும். உன் பெயர் லோகாமணியா? கியர். உன் ஊர் மதுரையா? பிரேக். உன் புருஷன் நல்லாச் சமைப்பாரா? கொஞ்சம் தாமதித்துக் கியர். அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை, நான் சேர்த்தது.

பிறகு டாக்டர் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "ஒண்ணும் மறைக்காதீங்க டாக்டர்," என்று சென்னியப்பன் சொன்னார். "வண்டியில என்ன ரிப்பேருன்னு அவகிட்ட மறைச்சா அவளுக்குப் புடிக்காதுங்க."

டாக்டர் மறைக்கவில்லை. கை கால் வராமலே போகலாம், பேச்சு வராமலே போகலாம், வாழ்நாள் முழுக்கக் கட்டிலாகவே இருக்கலாம் என்று அவளுக்குச் சொன்னார். வென்டிலேட்டரை எடுக்கச் சொல்லவும் உனக்கு உரிமை இருக்கிறது, வைக்கச் சொல்லவும் இருக்கிறது, இரண்டில் எதுவும் தப்பில்லை என்றார். பிறகு சென்னியப்பனைக் கேட்கச் சொன்னார். அவருக்கு வாய் கோணியது. கேட்டார்.

"மணி. போதும்னு நிறுத்திரலாமா?"

பிரேக்.

தொப்பூரில் பிடிக்காத பிரேக் இங்கே பிடித்தது. அதே கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்க வேண்டும் என்பது சட்டம். "அப்ப வண்டிய எடுக்கலாமா?" என்று கேட்டார் அவர். கியர், கியர், கியர் என்று மூன்று தடவை எழும்பியது.

எல்லோரும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு மேல் மாடி ஞாபகம் வந்தது. அந்தச் செய்தியை வேறு யாரையும் சொல்ல விடக் கூடாது என்று நானே படியேறினேன்.

அன்வர் பாஷா ஒரு காலத்தில் சேலத்துப் பிள்ளைகளை மாவட்டம் மாநிலம் என்று ஓடவைத்தவர். இப்போது கட்டிலில் நிமிர்ந்து உட்காரவே இரண்டு தலையணை வேண்டும். கழுத்தில் மட்டும் பழைய விசில் கயிறு தொங்கியது. தியேட்டருக்குப் போகும் நிமிடம் வரை கழற்றமாட்டேன் என்று நர்ஸுகளோடு சண்டை போட்டிருந்தார்.

"வாத்தியாரே, இன்னைக்கு இல்ல," என்றேன்.

அவர் கண்ணை மூடினார். திறந்தார். "இதயம் சரியில்லையா?"

கொடுப்பவரைப் பற்றி வாங்குபவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்பது விதி. இருபத்திரண்டு வருடத்தில் அன்றுதான் முதல் தடவையாக மீறினேன். "ரொம்பச் சரியா இருக்கு. அந்தம்மா பதில் சொல்லிட்டாங்க. இருக்கணும்கிறாங்க."

அவர் விசிலை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். திட்டியிருந்தால் அது நியாயம்தான்.

"சிஸ்டர், வரிசை நிக்குதா இன்னும்?"

"நிக்குது. கலைஞ்சிடச் சொல்லணும்."

"ஏன் கலையணும்? ஓட்டத்துல விழுந்த புள்ள எந்திரிச்சு ஓடினா நான் மைதானத்தைக் காலி பண்ணச் சொல்லுவேனா? வீல்சேர் எடுங்க. நானும் நிக்கிறேன்."

"உங்களால முடியாது வாத்தியாரே."

"உக்காந்து நிக்கிறேன்."

லோகாமணியைப் பெரிய ஸ்கேனுக்குக் கொண்டுபோய் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. ஸ்கேன் அறை அதே நடைவழியில், தியேட்டரையும் தாண்டி இருந்தது. நான் வெளியே வந்து, "இருக்கிறாங்க. பதில் சொல்லிட்டாங்க," என்றபோது எண்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரோ கிளம்ப அடி எடுத்துவைத்தார்கள். "நில்லுங்கய்யா," என்றாள் மாரக்கா. "போறவங்களுக்குத்தான் மரியாதையா? இருக்கறவளுக்குக் கிடையாதா?" யாரும் நகரவில்லை.

கட்டில் வந்தது. வென்டிலேட்டரைத் தள்ளிக்கொண்டு டாக்டர் யாமினி, தலைமாட்டில் வெறுங்காலோடு சென்னியப்பன். நெஞ்சில் கைகள் ஏறின. தியேட்டரின் இரண்டு கதவும் அகலத் திறந்திருந்தன. கை கழுவிய குழுவினர் கையுறையோடு வாசலில் வந்து நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் அன்வர் வாத்தியார், முதுகை நாற்காலியில் சாய்க்காமல், நெஞ்சில் மருந்து தடவிய இடத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கட்டில் திறந்த கதவைத் தாண்டிப் போனது. உள்ளே திரும்பாமல் நேராகப் போனது. என் வரிசையை நான் எத்தனையோ தடவை பெருமையாகப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்ததுபோல ஒரு நாளும் பார்த்ததில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் டாக்டர் யாமினியும் நானும் பழைய பதிவேட்டை விரித்துவைத்து உட்கார்ந்தோம். பதில் சொன்ன ஆறு பேரில் நான்கு பேர் கிரிக்கெட் ஆடிய பையன்கள். இரண்டு பேர் கோலப்போட்டியில் பரிசு வாங்கிய பெண்கள். பதில் சொல்லாத முப்பத்தைந்து பேரில் ஒரு தறிக்காரர், ஒரு கன்னியாஸ்திரி, கல்லுடைக்கிற ஒரு தாய், மட்டையையே தொட்டிராத ஒரு நாகஸ்வரக்காரர். அவர்களில் யாராவது உள்ளே இருந்தார்களா? தெரியாது. அவர்களில் பலருக்கு எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் வந்திருக்காது என்கிறார் டாக்டர். இருக்கலாம். ஆனால் தெரியாது என்பதுதான் உண்மை, அந்தத் தெரியாததோடுதான் நான் தினமும் வேலைக்கு வருகிறேன்.

"இந்தத் தப்பை எழுதிக் கொடுத்தா உங்க விருதைத் திருப்பிக் கேட்பாங்க டாக்டர்," என்றேன்.

"கேட்கறதுக்கு முன்னாடி நானே அனுப்பிடறேன்," என்றார். அந்தப் பெண் மேல் அன்றைக்குத்தான் எனக்கு முழு மரியாதை வந்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். நான்கு மாதம் எல்லா ஊரிலும் செவியை வைத்துச் சம்மதம் கேட்பதை நிறுத்திவைத்தார்கள். விசாரணையில் எங்களைக் குடைந்தார்கள். முப்பத்தைந்து வீட்டுக்கும் நானே போனேன். சில வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள். தறிக்காரரின் மனைவி மட்டும், "தறியின்னு கேட்டிருந்தா எந்திரிச்சே வந்திருப்பாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது செவியின் படிவத்தில் முதல் வரி வீட்டாருக்கான கேள்வி: 'இவர் கை எந்த வேலைக்குப் பழகியது?' அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். வாசகத்தை வீட்டாரே தங்கள் குரலில் சொல்லலாம்.

அன்வர் வாத்தியாருக்கு வேறு இதயம் கிடைக்கவில்லை. இருபத்துமூன்றாம் நாள் போய்விட்டார். அவர் மனைவி அவருடைய கண்களைத் தானமாகக் கொடுத்தார். வரிசையில் அவரிடம் ஓடப் பழகிய பிள்ளைகள் தெரு வரைக்கும் நின்றார்கள்.

எட்டு மாதத்தில் லோகாமணி கியரிலேயே எழுத்துக்கூட்டப் பழகிவிட்டாள். சென்னியப்பன் எழுத்து அட்டையில் விரலை நகர்த்துவார். சரியான எழுத்து வந்ததும் அவள் கியர் போடுவாள். ஒரு வாக்கியத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். ரொம்ப நாளாக மனதில் கிடந்ததை ஒரு மதியம் கேட்டேன். "முதல் ரெண்டு நாளும் நான் கேட்டது உங்க காதுல விழுந்துச்சா?"

'விழுந்துச்சு.'

"கோலம்னு சொன்னப்ப ஒண்ணும் நினைக்கலையா?"

விரல் நகர்ந்து நகர்ந்து வார்த்தை சேர்ந்தது. 'நெனச்சேன். அவுரு கைதான் வந்துச்சு.'

சென்னியப்பன் விரல் அட்டையிலேயே நின்றுவிட்டது. செவி அவளுடைய கையைத் தேடியிருக்கிறது. அவளோ, தன் புருஷன் போடும் கோலத்தை லாரி மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சும்மா இருக்கவில்லை. நாங்கள் கேட்டபோதெல்லாம் அவள் தன் வீட்டு வாசலில்தான் இருந்தாள்.

அவள் முடிக்கவில்லை என்று திரை காட்டியது. மறுபடி விரல் நகர்ந்தது. 'எனக்கு ஒண்ணு கேக்கோணும். என்ற நெஞ்ச யாருக்கு வெச்சிருந்தீங்க?'

சொல்லாமல் தப்பித்திருக்கலாம். விதி என் பக்கம் இருந்தது. ஆனால் ரிப்பேரை மறைத்தால் அவளுக்குப் பிடிக்காது. அன்வர் பாஷா என்ற பெயரையும், விசிலையும், 'உக்காந்து நிக்கிறேன்' என்றதையும், இருபத்துமூன்றாம் நாளையும் சொன்னேன். மறுநாள் காலை சென்னியப்பனுக்கு மட்டும் ஏதோ எழுதிக் காட்டினாள். அவர் என்னிடம் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து, போன வாரம், "சாயங்காலம் நாலு மணிக்கு அவ ரூமுல இருங்க சிஸ்டர்," என்று போன் செய்தார். அவள் கட்டில் ஜன்னலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. தலையில் தொப்பி, மடியில் அட்டையோடு நான். கீழே ஆஸ்பத்திரி வாசல் சாலையில், பட்டறையிலிருந்து புதுப் பெயிண்டோடு அவளுடைய லாரி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் சென்னியப்பன். நாற்பத்தாறு வயதில் லைசென்ஸ் எடுத்திருக்கிறார், கள்ளன், எங்களிடம் மூச்சுவிடவில்லை.

லோகாமணியின் கண் இப்போது திறக்கும், ஆனால் அவ்வளவு தூரம் எழுத்துத் தெரியாது. அட்டையில் விரலை ஓட்டினேன். 'எழுதியிருக்குதா?' என்று கேட்டாள்.

கண்ணாடிக்கு மேலே, பதினைந்து வருடம் வெறுமையாக இருந்த மஞ்சள் பட்டையில், பிள்ளை பெயர் எழுதுகிற இடத்தில், சிவப்பு எழுத்தில் இருந்தது: அன்வர் பாஷா.

"எழுதியிருக்கு," என்றேன்.

'பெருசாவா?'

"பெருசா. ரோட்டுல போற எல்லாருக்கும் தெரியற மாதிரி."

எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். கீழே லாரி மேட்டில் ஏறத் திணறி, கியர் கரகரவென்று பல்லைக் கடித்தது. திரையில் கோடு குதித்தது. அவருக்காக இவள் மேலிருந்து கியர் போட்டாள். கோடு அடங்காமல் குதிக்கவே, அட்டையில் மறுபடி விரலை ஓட்டினேன்.

'கிளட்ச நல்லா மிதிக்கச் சொல்லுங்க.'

ஜன்னலைத் திறந்து, ஆஸ்பத்திரி என்றும் பாராமல், தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன்.